மவுஸிலிருந்து கையை எடு

ஜூன் 11, ஞாயிறு

காலைப் பொழுது முழுக்க வடிவு அக்காவோடு போயிற்று. இந்தப் பக்கம் மாவு பொங்கி மேடையெல்லாம் வழிந்து கிடக்கிறது. இவர் பேப்பரை மடித்துவிட்டு, உங்க அக்காவுக்கு இந்த வயசில் கம்ப்யூட்டர் எதுக்கு என்றார். எனக்கும் அதே கேள்விதான். அதை இவரிடம் ஒத்துக்கொள்வேனா?

அக்கா அம்பாசமுத்திரத்தில் தொடக்கப்பள்ளி டீச்சர். இன்னும் பல வருடம் வேலை பார்க்கலாம். பங்குனியில் திடீரென்று விருப்ப ஓய்வு எழுதிக்கொடுத்துவிட்டாள். ஏன் என்றால் "போதும்ட்டி" என்கிறாள். இப்போது ஒரு லேப்டாப் வாங்கியிருக்கிறாள். அதில் தன் குரலைப் பதிவு செய்ய வேண்டுமாம், பிள்ளைகளுக்குக் கதை சொல்லப் போகிறாளாம். பள்ளிக்கூடத்தில் இருந்தபடியே சொல்லியிருக்கலாம்.

எங்கள் குடும்பத்தில் கம்ப்யூட்டர் என்றால் பகவதி. தாம்பரத்தில் ஒரு கல்லூரி ஆபீஸில் கண்காணிப்பாளராக இருப்பதால் எனக்குத் தெரியாதது இல்லை என்று எல்லோருக்கும் நினைப்பு. நானும் அதை மறுப்பதில்லை. லேப்டாப்புக்குள்ளேயே திரைப்பகிர்வு இருக்கிறது, வேறு எதையும் இறக்க வேண்டாம் என்று அக்காவுக்குச் சொன்னேன். நான் இங்கே ஒரு குறியீடு எடுத்துச் சொல்ல வேண்டும், அவள் அங்கே அடிக்க வேண்டும். அனுமதி கொடுத்ததும் அவள் திரை என் திரையில் விரியும். இன்னொரு அனுமதி கொடுத்தால் அவளுடைய பாயின்ட்டரை நானே இங்கிருந்து நகர்த்தலாம். படம் மட்டும்தான் வரும், சத்தம் வராது. பேசுவதற்குப் போன்.

பத்து நிமிடத்துக்குள் அடிக்காவிட்டால் குறியீடு காலாவதியாகிவிடும். அக்கா முதல் குறியீட்டைக் கோட்டைவிட்டாள். இரண்டாவதையும் கோட்டைவிட்டாள். ஆறு எழுத்து அடிக்கப் பத்து நிமிசமா, பரீட்சையில் பிள்ளைகளுக்கும் இப்படித்தான் நேரம் கொடுத்தியா என்றேன். சிரித்தாள். குற்றாலிங்கம் அத்தானை அடிக்கச் சொல்லலாம் என்றால், மின்வாரியத்தில் காலமெல்லாம் கம்பம் ஏறிய மனுஷருக்கு மவுஸைத் தொடப் பயம்.

மூன்றாவது குறியீட்டில் வந்து சேர்ந்தாள்.

ஜூன் 14, புதன்

மோட்டார் ரிப்பேர். லாரித் தண்ணீர். கல்லூரியில் அட்மிஷன் கூட்டம், வாய் வலிக்கப் பேசியாயிற்று.

ஜூன் 25, ஞாயிறு

பதிவு செய்கிற புரோகிராமைத் திறந்து கொடுத்தேன். அக்கா பேசப்பேச திரையில் நீலக் கோடு மேலும் கீழுமாக எழும்பியது. அவள் பேசுவதை நான் கேட்கவில்லை, கோட்டைத்தான் பார்த்தேன். போனை அப்பால் வைத்துவிட்டாள், கூச்சமாக இருக்கிறதாம். நாற்பது பிள்ளைகளைக் கத்தி அடக்கியவளுக்குத் தங்கை கேட்டால் கூச்சம்.

கோடு ரொம்பத் தட்டையாக இருக்கு, சத்தமாப் பேசு என்றேன். சத்தமாத்தான் பேசுதேன் என்றாள்.

ஜூலை 9, ஞாயிறு

இன்று பொறுமை போய்விட்டது. ஒரு கோப்பை இரண்டு தடவை தட்டித் திறக்கச் சொன்னால், பாயின்ட்டர் கொசு பறக்கிற மாதிரி அதைச் சுற்றிச்சுற்றி வருகிறது. உட்காரவே மாட்டேன் என்கிறது. மவுஸ் கோளாறோ என்று புதிதாக ஒன்று வாங்கச் சொன்னேன். வாங்கிவிட்டாளாம், இதுதான் புதுசாம்.

விடுக்கா, நானே செய்கிறேன் என்று கட்டுப்பாட்டைக் கேட்டேன்.

"நீ சொல்லிக்குடு. நான் செய்யுதேன்" என்றாள்.

நீ செய்து முடிக்கத் தீபாவளி வந்துவிடும் என்றேன். அனுமதி வர ரொம்ப நேரம் ஆயிற்று. வந்ததும் ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் முடித்துக் கொடுத்தேன். ரொம்ப வேகம்ட்டி நீ என்றாள். பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

ஜூலை 16, ஞாயிறு

அக்கா புதிதாக வெற்றிலை போட ஆரம்பித்திருக்கிறாள்! பேச்செல்லாம் குழறுகிறது. வாயில் வெத்தலையா என்று கேட்டேன், ஆமா என்றாள். டீச்சராக இருந்தவரை பாக்கைக்கூடத் தொடாதவள். ஓய்வு வந்தால் ஒழுங்கும் போகும்போல. கூரியரில் முறுக்கு அனுப்பினேன், அதற்கும் பதில் இல்லை.

ஜூலை 30, ஞாயிறு

இப்போதெல்லாம் போனை அத்தான்தான் எடுக்கிறார். அக்கா பக்கத்தில் இருக்கிறாள் என்கிறார், அவள் சொல்வதாக அவரே சொல்கிறார். நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர். கேட்டால் தொண்டை கட்டியிருக்கிறதாம். தொண்டை கட்டினவள் எதற்காகத் தினமும் பதிவு செய்கிறாள்? காலைப் பலகாரம் முடிந்ததும் உட்கார்ந்துவிடுகிறாளாம், அதற்கப்புறம் நாக்குக் களைத்துப் போகிறதாம். கதை சொல்வதற்கு இவ்வளவு பந்தா.

எனக்கு வருத்தமாக இருக்கிறது. என்னைவிட ஏழு வயது மூத்தவள், எனக்குத் தலை பின்னிவிட்டவள். என்னோடு இரண்டு வார்த்தை பேச அவளுக்கு என்ன கௌரவம்?

ஆகஸ்ட் 27, ஞாயிறு

எங்கள் கல்யாணத்தின் வெள்ளிவிழா. எளிமையாக, வீட்டில்தான். எல்லோரும் வந்தார்கள். அக்காவும் அத்தானும் வரவில்லை. கால் வலி, ரயில் ஏற முடியாது என்று அத்தான் சொன்னார். இவருடைய தங்கைகள் கேட்டுக்கேட்டு என் மானத்தை வாங்கினார்கள். பாயசம் மிஞ்சிவிட்டது. பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தேன்.

இனி நானாகக் கூப்பிடப் போவதில்லை.

செப்டம்பர் 3, ஞாயிறு

அத்தான் கூப்பிட்டார். லேப்டாப்பில் இடம் இல்லை என்று சிவப்பில் ஏதோ வருகிறதாம், அக்கா தவிக்கிறாளாம். வெள்ளிவிழாவுக்கு வர முடியாதவர்களுக்கு லேப்டாப் என்றால் மட்டும் பகவதி வேண்டும். சரி, ரத்தம் விடுமா, உட்கார்ந்தேன். குறியீடு இரண்டு தடவை செத்தது.

உள்ளே போய்ப் பார்த்தால் ஒரே குப்பைக்காடு. பதிவு, பதிவு, பதிவு என்று எண் போட்டு நூற்றுக்கணக்கில் கோப்புகள். எல்லாம் இரண்டு நொடி, மூன்று நொடி. தவறுதலாகப் பொத்தானை அமுக்கி அமுக்கி வந்தவை. அவள் கை போகிற லட்சணத்தைத்தான் பார்த்திருக்கிறேனே. நீளமாக ஒன்றே ஒன்று இருந்தது, அதுதான் கதை. அதைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தையெல்லாம் மொத்தமாகத் தேர்ந்தெடுத்தேன்.

அப்போது பாயின்ட்டர் என்னோடு மல்லுக்கட்டியது. நான் இந்தப் பக்கம் இழுத்தால் அது அந்தப் பக்கம் இழுக்கிறது. அக்கா குறுக்கே புகுந்துவிட்டாள். போனிலும் ஏதோ சொன்னாள், லைன் சரியில்லை, ஒரே உறுமலாகக் கேட்டது. அத்தான் கடைக்குப் போயிருந்தார்போல. "அக்கா, மவுஸ்லேருந்து கையை எடு, ரெண்டு பேரும் சேர்ந்து இழுத்தா ஒண்ணும் நடக்காது" என்று கத்தினேன். மறுபடியும் இழுத்தாள். மறுபடியும் கத்தினேன். அப்புறம் எடுத்துவிட்டாள்.

எல்லாவற்றையும் அழித்தேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். பழைய அப்டேட்டுகளையும் துடைத்தெடுத்தேன். லேப்டாப் இப்போது பறக்கிறது.

போனில் அவள் மூச்சு மட்டும் கேட்டது. வெச்சிரட்டுமா என்றேன். பதில் இல்லை, வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 10, ஞாயிறு

அக்கா கூப்பிடவில்லை. நல்லது. துணியெல்லாம் துவைத்துக் காயப்போட்டேன்.

செப்டம்பர் 17, ஞாயிறு

இன்றும் இல்லை. போனை இரண்டு தடவை எடுத்துப் பார்த்தேன், சார்ஜ் இருக்கிறதா என்று.

செப்டம்பர் 20, புதன்

ஆபீஸில் இருந்தபோது அத்தான் கூப்பிட்டார். அவர் வேலை நேரத்தில் என்னைக் கூப்பிட்டதே இல்லை. நலம் விசாரித்தார், இவருக்குச் சர்க்கரை எப்படி என்றார், மழை உண்டா என்றார். பிறகு கேட்டார்.

"பகவதி, அன்னைக்கு நீ அழிச்சியே, அந்தச் சின்னச் சின்னது. அத திரும்ப எடுக்க வழி இருக்காம்மா?"

அது குப்பை அத்தான், எதுக்கு என்றேன்.

பிறகு சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுத எனக்கு முடியவில்லை. அக்காவுக்கு நரம்பு நோய். மாசியிலேயே திருநெல்வேலியில் சொல்லிவிட்டார்கள், மதுரையிலும் அதையே சொன்னார்கள். மருந்து இல்லை. கை போகும், பேச்சு போகும், பிறகு விழுங்குவது, பிறகு மூச்சு. அவளுக்குக் கையும் பேச்சும் சேர்ந்தே போய்க்கொண்டிருக்கிறது. குரல் இருக்கும்போதே வேண்டியதைப் பேசிப் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பொத்தானைத் தொட்டால் உங்கள் குரலிலேயே பேசலாம் என்று ஒரு டாக்டர் சொல்லியிருக்கிறார். தண்ணி வேணும், முதுகைத் திருப்பு, வலிக்கு, இப்படி. ஒவ்வொன்றையும் தெளிவாக வருகிற வரைக்கும் திரும்பத்திரும்பச் சொல்லியிருக்கிறாள். இரண்டு மாதத்துக்கு மேலாக அதுதான் அவள் வேலை.

இப்போ மறுபடியும் பதியலாமே என்றேன்.

"இப்பம் அவ பேசுதது எனக்கே வெளங்கலம்மா" என்றார் அத்தான்.

யாரோ சலானில் கையெழுத்துக் கேட்டார்கள். போட்டேன்.

செப்டம்பர் 22, வெள்ளி. அம்பாசமுத்திரம்

காலையில் வந்து சேர்ந்தேன். அக்கா கூடத்தில் நாற்காலியில் இருந்தாள். பாதியாகிவிட்டாள். வலது கை மடியில் கிடக்கிறது, பெருவிரலுக்குக் கீழே சதையே இல்லை. என்னைப் பார்த்ததும் சிரித்தாள். ஏதோ சொன்னாள். அன்றைக்குப் போனில் கேட்ட அதே சத்தம். லைன் நன்றாகத்தான் இருந்திருக்கிறது.

நான் அவள் காலடியில் உட்கார்ந்து அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அத்தான் காபி வைத்துவிட்டுப் போனார். அதில் ஆடை படிந்துவிட்டது.

ஏன்க்கா எங்கிட்ட சொல்லலை என்று கேட்டேன். இடது கையின் ஒரு விரலால் போனில் தட்டினாள். எனக்கு எட்டிப் பார்க்கத் தைரியம் இல்லை. முடித்ததும் என் பக்கம் திருப்பினாள்.

"சொன்னா நீ ஓடி வந்து எல்லாத்தையும் கையில எடுத்துக்கிடுவே. கொஞ்ச நாள் நானே செய்யணும்னு இருந்துச்சு."

செப்டம்பர் 23, சனி

நான் பத்திரமாக எடுத்து வைத்த அந்த நீளமான பதிவைப் போட்டுக் கேட்டேன். கதை இல்லை. நிறுத்த மறந்து ஓடவிட்டது. ஃபேன் சத்தம், குக்கர் விசில், அத்தான் இருமுவது, தெருவில் கீரைக்காரம்மா. கடைசிவரை கேட்டேன். ஓரிடத்திலாவது அக்கா ஒரு வார்த்தை பேசியிருப்பாள் என்று நினைத்தேன்.

செப்டம்பர் 25, திங்கள்

லேப்டாப்பைத் திருநெல்வேலிக்கு எடுத்துப்போனேன். கடைக்காரர் பொறுமையாகப் பார்த்தார். அழித்ததோடு விட்டிருந்தால்கூட ஏதாவது கிடைத்திருக்கும், ரொம்பச் சுத்தமா செஞ்சிருக்காங்க மேடம், யார் செஞ்சது என்று கேட்டார். தெரிந்தவர்கள் என்றேன்.

செப்டம்பர் 29, வெள்ளி

அக்கா திட்டினால் நன்றாக இருக்கும். திட்டமாட்டேன் என்கிறாள். நான் குளிப்பாட்டுகிறேன், தலை பின்னுகிறேன், சாதத்தை மசித்து ஊட்டுகிறேன். ஸ்பூனை நான் சீக்கிரம் சீக்கிரமாகக் கொண்டுபோகிறேன்போல, இன்று அவள் உதட்டை மூடிக்கொண்டாள். மெதுவாகக் கொடுத்தேன்.

அத்தானிடம், என்னைக் கேட்டிருக்கலாமே அத்தான், அழித்த அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்றேன். அவள் வேண்டாம் என்றாளாம். பகவதி தாங்கமாட்டாள் என்றாளாம். எடுக்க வழி உண்டா என்று கேட்டதுகூட அவளுக்குத் தெரியாமல்தானாம்.

அக்டோபர் 8, ஞாயிறு. தாம்பரம்

லீவு தீர்ந்துவிட்டது. பொங்கலுக்கப்புறம் நீண்ட விடுப்பு எழுதிக் கேட்டிருக்கிறேன். அக்காவுக்கு ஒரு டேப்லட் வாங்கி வைத்துவிட்டு வந்தேன். எழுத்தை அடித்தால் அதுவே பேசும். தமிழ் பேசுகிறது, ஆனால் ரயில் நிலையத்தில் அறிவிக்கிற பெண்ணைப்போலப் பேசுகிறது. அது "தண்ணீர் வேண்டும்" என்றதும் அத்தான் எழுந்து வெளியே போய்விட்டார்.

வீட்டில் இவர் எதுவும் கேட்கவில்லை. சமையலும் அவர்தான். ரசம் கொஞ்சம் புளிப்பு. நன்றாக இருக்கிறது என்றேன்.

அக்டோபர் 15, ஞாயிறு

அக்காவிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு குறியீடு வந்தது. இந்தத் தடவை அவள் உதவி செய்கிற பக்கத்தில் இருக்கிறாள், நான் அடிக்கிற பக்கத்தில். ஒரு எழுத்தைத் தப்பாக அடித்துத் திருத்தினேன். அவள் என் திரையைப் பார்க்க அனுமதி கேட்டாள், கொடுத்தேன். கட்டுப்பாடு கேட்டாள், கொடுத்தேன். போனை ஸ்பீக்கரில் போட்டோம். அந்தப் பக்கம் அத்தானின் செருப்புச் சத்தம் கேட்டது.

பாயின்ட்டர் மெல்ல ஊர்ந்து போய் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்தது. எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன.

"மிசின் குரல் வேண்டாம். நீ பேசு."

நான் எப்படிக்கா என்றேன். நான் பேசினால் அது என் குரல் அல்லவா? பிறகு, "அது போதும்" என்று வந்தது.

ஒரு வாக்கியத்தை அடிப்பாள். பதிவுப் பொத்தானை அமுக்குவாள். நான் பேசுவேன். நிறுத்துவாள். தண்ணி வேணும். தலவாணிய ஏத்தி வைங்க. கொசு கடிக்கு. வலிக்கு. என்னங்க, சாப்பிட்டேளா? நான் சொன்னது பிடிக்கவில்லை என்றால் கீழே காரணம் வரும். "ஆபீஸ்ல பேசுத மாதிரி பேசாத." "மெட்ராஸ் வாடை அடிக்கு." அத்தானைச் சாப்பிட்டீர்களா என்று கேட்பதை மட்டும் பலமுறை சொல்ல வைத்தாள். எனக்கு அந்தக் கேள்வியை அவளைப்போலக் கேட்க வரவில்லை. கடைசியில் ஒன்றை ஏற்றுக்கொண்டாள்.

ஒவ்வொரு எழுத்துக்கும் காத்திருந்தேன். "த" வந்து "ல" வருவதற்குள் என் கை தானாக எழும்பியது, மிச்சத்தை நானே அடித்துவிடலாம் என்று. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அக்டோபர் 18, புதன்

அத்தான் கூப்பிட்டார். ஞாயிறன்று பதிந்ததையெல்லாம் அக்காவின் டேப்லட்டுக்கு அனுப்பியிருந்தேன். நேற்று அவள் அதைத் தொட, சாப்பிட்டேளா என்று என் குரல் கேட்டதாம். தெரிந்தும் வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டாராம், நான்தான் வந்திருக்கிறேனோ என்று. சாப்பிட்டேன் என்று பதில் சொன்னாராம். சொல்லிவிட்டு அக்காவைப் பார்த்தாராம். அவள் சிரித்தாளாம்.

அக்டோபர் 22, ஞாயிறு

இன்றும் உட்கார்ந்தோம். அக்காவின் விரல் போன வாரத்தைவிட மெதுவாகப் போகிறது. கொஞ்ச வாக்கியங்கள்தான் முடிந்தன. ஃபேனைக் குறை. பாட்டு போடு. இன்னைக்கு என்ன கிழமை. யாராவது பார்க்க வந்தால் சொல்வதற்கு, வாங்க, உக்காருங்க. களைத்துவிட்டாய், நிறுத்தலாமா என்றேன். இன்னும் ஒன்று என்று அடித்தாள்.

எழுத்து வர ஆரம்பித்தது. முதல் வார்த்தை என் பெயர். எனக்கு ஏதோ சொல்ல வருகிறாள் என்று நினைத்துக் காத்திருந்தேன்.

"பகவதி நீ தெரியாம செஞ்சது தானட்டி. விடு."

அக்கா என்று கூப்பிட்டேன். பாயின்ட்டர் நகர்ந்து பதிவுப் பொத்தானில் போய் நின்றது.

இதை எதுக்குக்கா நான் பதியணும் என்று கேட்டேன். திரும்பவும் பக்கத்துக்கு வந்து அடித்தாள். "நீ இங்க வரும்போதெல்லாம் அழுவே. எனக்கு ஒவ்வொரு தடவையும் அடிக்க முடியாது."

பொத்தானை அமுக்கினாள். கோடு தட்டையாக ஓடிக்கொண்டே இருந்தது. நான் பேசவில்லை, அவளும் நிறுத்தவில்லை. போனில் அவள் மூச்சு கேட்டது. சமையலறையில் இவர் பாத்திரத்தை வைக்கிற சத்தமும் பதிவாகியிருக்கும். பிறகு சொன்னேன். என் பெயரை நானே கூப்பிட்டு, நீ தெரியாமல் செய்ததுதான், விடு என்று சொன்னேன். வேகமாக, ஒரே மூச்சில், முடிந்தால் போதும் என்று.

அக்கா அதைப் போட்டுக் கேட்டாள். இரண்டாவது தடவையும் கேட்டாள். பிறகு அதன் கீழே எழுத்துகள் வந்தன.

"இன்னொரு தடவ சொல்லு. நெசமா சொல்லுத மாதிரி."